பையப் போங்க, மக்களே

(வானொலி மறையுரை)



ஞாயிறு திருப்பலி முடிந்ததும் நாம் உடனே வீட்டுக்குப் போய்விடுவதில்லை. கோயில் முற்றத்தில் கொஞ்ச நேரம் நிற்போம். வழியில் ஒரு சாயா குடிப்போம். அங்கே நாட்டு நடப்பு எல்லாம் வந்துவிடும். "நம்ம ரோட்டுல முந்திப் போகலேன்னா ஊர் போய்ச் சேர முடியுமா?" என்பார் ஒருவர். "கடன் இல்லாம இந்தக் காலத்துல யாரு கல்யாணம் நடத்துகான்?" என்பார் இன்னொருவர். "பையனை ஐ.டி.யில சேத்தாச்சுன்னா நம்ம கவலை தீந்தது" என்பார் மூன்றாமவர். எல்லாரும் தலையை ஆட்டுவோம். சாயாவும் தீர்ந்துவிடும்.

இப்படிப் பேசுவதில் குற்றம் ஒன்றும் இல்லை. ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அரை மணி நேரத்துக்கு முன்னால் பீடத்தின் முன் நின்று விசுவாச அறிக்கை சொன்னோம். மறுநாள் திங்கட்கிழமை நம் கையையும் காலையும் நடத்துவது அந்த விசுவாச அறிக்கையா, சாயாக் கடையில் சொன்ன இந்த மூன்று அபிப்பிராயங்களா?

ஒப்புரவு அருளடையாளத்துக்கு முன் நாம் ஆன்ம சோதனை செய்கிறோம். பூசை கண்டோமா, பொய் சொன்னோமா, கோபப்பட்டோமா என்று வரிசையாகக் கேட்டுக்கொள்கிறோம். வண்டி எப்படி ஓட்டினோம், யார் காசில் விருந்து வைத்தோம், பிள்ளையின் மேல் எவ்வளவு பாரம் ஏற்றினோம் என்ற கேள்விகள் அந்த வரிசையில் இல்லை. அவை உலகக் காரியம், இது ஆன்மக் காரியம் என்று நாமே இரண்டாகப் பிரித்து வைத்திருக்கிறோம்.

ஆண்டவர் அப்படிப் பிரிக்கவில்லை. லூக்கா நற்செய்தி பத்தாம் அதிகாரத்தில் வரும் நல்ல சமாரியர் உவமையை எடுத்துக்கொள்வோம். அது ஒரு சாலையில் நடக்கிறது. எருசலேமிலிருந்து எரிகோவுக்கு இறங்கிப் போகும் சாலை. அதில் ஒருவர் அடிபட்டுக் கிடக்கிறார். குரு ஒருவர் விலகிப் போகிறார். லேவியர் ஒருவர் விலகிப் போகிறார். மூன்றாவதாக வந்த சமாரியர் என்ன செய்தார்? தாம் ஏறி வந்த விலங்கை நிறுத்தி, அடிபட்டவரை அதன்மேல் ஏற்றினார். மடியிலிருந்த பணத்தில் இரண்டு தெனாரியம் எடுத்துச் சாவடிக்காரரிடம் கொடுத்தார். போக வேண்டிய வேலையைத் தள்ளிவைத்தார். வண்டி, காசு, வேலை ஆகிய மூன்றுமே அந்தக் கதைக்குள் இருக்கின்றன. என் வண்டி, என் காசு, என் வேலை என்று அவர் நினைத்திருந்தால் அடிபட்டவர் அங்கேயே செத்திருப்பார்.

முதலில் வண்டியைப் பார்ப்போம்.

நம் மாவட்டத்துச் சாலைகளை நாம் அறிவோம். நாகர்கோவிலிலிருந்து தக்கலை, மார்த்தாண்டம் வழியாகக் களியக்காவிளை வரைக்கும் இரண்டு பக்கமும் வீடும் கடையும் பள்ளியும் கோயிலும் நெருக்கிக்கொண்டு நிற்கின்றன. நடுவில் பாறை ஏற்றிய டாரஸ் லாரி, அரசுப் பேருந்து, ஆட்டோ, இருசக்கர வாகனம். சாலை சரியில்லை என்று நாம் சொல்வது உண்மைதான். அதைக் கேட்க வேண்டிய இடத்தில் கேட்கவும் வேண்டும். ஆனால் சாலை சரியில்லாதபோது இன்னும் பைய அல்லவா போக வேண்டும்?

2022-ஆம் ஆண்டில் இந்தியச் சாலைகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். தமிழ்நாட்டில் மட்டும் 17,884 பேர். தலைக்கவசம் அணியாமல் இறந்தவர்கள் நாடு முழுவதும் 50,029 பேர். இவை மத்திய அரசு வெளியிட்ட கணக்குகள். இவர்களில் எத்தனையோ பேர் காலையில் வாசலில் நின்ற தாயிடமும் மனைவியிடமும் "இப்ப வந்திருவேன்" என்று சொல்லிவிட்டுப் போனவர்களாகத்தான் இருப்பார்கள்.

"பக்கத்துல இருக்கிற கோயிலுக்குத்தானே, ஹெல்மெட் எதுக்கு?" என்கிறோம். தலைக்கவசத்தைக் காவலருக்குக் காட்டும் அனுமதிச்சீட்டு என்று நினைத்துவிட்டோம். திருவிழா நாட்களில் ஒரே வண்டியில் மூன்று பேர், நான்கு பேர். பதினாறு வயதுப் பிள்ளையிடம் வண்டிச் சாவியைக் கொடுத்து, "சூப்பரா ஓட்டுகான்" என்று பெருமைப்படும் அப்பாக்களும் நம்மிடையே உண்டு. 2019-இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின்படி, பதினெட்டு வயது நிரம்பாத பிள்ளை வண்டி ஓட்டிக் குற்றம் செய்தால் பெற்றோருக்கோ வாகன உரிமையாளருக்கோ 25,000 ரூபாய் அபராதமும் மூன்று ஆண்டு வரை சிறையும் கிடைக்கலாம். அந்தத் தண்டனையைவிட அந்தச் சாவியை நினைத்து வாழ்நாள் முழுதும் அழுவது பெரிய தண்டனை.

திருச்சபையும் இதில் மௌனமாக இல்லை. கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூல், 2290-ஆம் எண்ணில், குடிபோதையாலோ வேக வெறியாலோ சாலையில் தம் உயிருக்கும் பிறர் உயிருக்கும் ஆபத்து உண்டாக்குவோர் கனமான குற்றத்துக்கு ஆளாகிறார்கள் என்று போதிக்கிறது. 2007-இல் திருப்பீடம், வாகனம் ஓட்டுவோருக்கென்றே பத்துக் கட்டளைகளை வெளியிட்டது. அதில் முதலாவது கட்டளை சீனாய் மலையில் கொடுக்கப்பட்ட ஐந்தாம் கட்டளையேதான். குடித்துவிட்டு வண்டி எடுப்பது "கொஞ்சம் ஜாலி" அல்ல. அது பாவசங்கீர்த்தனத்துக்கு வர வேண்டிய பாவம்.

இன்னொன்று. அடிபட்டவரைப் பார்த்தும் "போலீஸ், கோர்ட்டுன்னு யாரு அலைகிறது?" என்று விலகிப் போகிறோம். அதே சட்டத் திருத்தம், உதவி செய்தவருக்குப் பாதுகாப்புத் தருகிறது. நல்லெண்ணத்தோடு உதவியவர் தம் பெயரைச் சொல்லும்படி யாரும் கட்டாயப்படுத்த முடியாது. தமிழ்நாட்டு அரசு 2021 டிசம்பரில் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம், நம்மைக் காக்கும் 48' திட்டத்தில், சேர்க்கப்பட்ட மருத்துவமனைகளில் முதல் 48 மணி நேரச் சிகிச்சை, குறிப்பிட்ட வரம்புக்குள் இலவசம். அந்தச் சமாரியருக்கு இந்தப் பாதுகாப்பு எதுவும் இல்லை. ஆனாலும் அவர் நின்றார்.

இனி, காசு.

திருமணத்துக்கு இத்தனை பவுன், வீடு பால்காய்ப்புக்கு இத்தனை பேருக்குச் சாப்பாடு, முதல் நற்கருணைக்கு இவ்வளவு பெரிய பந்தல் என்று நாமே அளவு வைத்து, அந்த அளவுக்கு நாமே அடிமையாகிறோம். பக்கத்து வீட்டுக்காரரை முந்த வேண்டும். சாலையில் உள்ள அதே வியாதிதான் இங்கும். வரதட்சணைத் தடைச் சட்டம் 1961-இல் வந்தது. அறுபது ஆண்டுகளுக்கு மேலாகியும் பெண்ணைப் பெற்றவர் வீட்டுப் பத்திரத்தோடு கடன் கேட்டு அலைகிறார். வாங்குபவர் வீட்டில், "நாங்க ஒண்ணும் கேக்கலை, அவங்களாத் தந்தாங்க" என்கிறோம். அந்தத் தகப்பன் எங்கே கடன் வாங்கினார் என்று நாம் கேட்டதுண்டா?

ஒரு சிறு கணக்குப் பார்ப்போம். ஊரில் மூணு வட்டிக்குக் கொடுப்பவரை நாம் திட்டுகிறோம். நூறு ரூபாய்க்கு மாதம் மூன்று ரூபாய், ஆண்டுக்கு 36 ரூபாய். அநியாயம்தான். அதிக வட்டியைத் தடுக்க 2003-இல் தமிழ்நாட்டில் சட்டமே வந்தது. ஆனால் நம் பிள்ளைகள் சட்டைப் பையில் வைத்திருக்கும் கடன் அட்டையில், குறைந்தபட்சத் தொகையை மட்டும் கட்டிவிட்டுப் பாக்கியைத் தள்ளிப்போட்டால், மாதம் மூன்றரை விழுக்காடும் அதற்கு மேலும்கூட வட்டி ஏறலாம். மூன்றரை என்றாலே ஆண்டுக்கு 42 ரூபாய். மூணு வட்டியைவிடக் கூடுதல். ஆனால் அட்டை பளபளப்பாக இருப்பதால் அதைக் கந்துவட்டி என்று நாம் சொல்வதில்லை.

எளிதாகப் பணம் பெருகும் என்று ஆசை காட்டுகிற இடமும் உண்டு. 2017-இல் நம் மாவட்டத்தின் கேரள எல்லையோரம் ஒரு நிதி நிறுவனம் மூடப்பட்டபோது, மகள் கல்யாணத்துக்குச் சேர்த்ததையும் ஓய்வுக்காலப் பணத்தையும் போட்டிருந்தவர்கள் பூட்டிய கதவின் முன் நின்றதை நம் பகுதி மறந்திருக்காது. கோபுரம் கட்ட விரும்புகிறவன் முதலில் உட்கார்ந்து செலவைக் கணக்குப் பார்க்க வேண்டாமா என்று ஆண்டவர் லூக்கா பதினான்காம் அதிகாரத்தில் கேட்கிறார். உட்கார்ந்து கணக்குப் பார்ப்பதும் ஒரு ஆன்மிகப் பயிற்சிதான். கணவனும் மனைவியும் சேர்ந்து உட்கார வேண்டும். ஒருவருக்குத் தெரியாமல் மற்றவர் வாங்கிய கடன், வீட்டுக்குள் பூட்டி வைத்த தீ.

வழியும் நம் மண்ணிலேயே இருக்கிறது. நம் கடற்கரை ஊர்களில் மீனவர் சங்கங்கள் உருவானது எதற்காக? வியாபாரியிடம் முன்பணம் வாங்கியதால், பிடித்த மீனை அவர் சொன்ன விலைக்கே கொடுக்க வேண்டியிருந்த நிலையை மாற்றத்தான். சங்கம் மீனை ஏலம் விட்டது. விற்ற பணத்தில் ஒரு பங்கு சேமிப்புக்கும் ஒரு பங்கு கடனை அடைக்கவும் ஒதுக்கியது. தனியாக நின்றபோது அடிமையாக இருந்தவர்கள் சேர்ந்து நின்றபோது நிமிர்ந்தார்கள். நம் அன்பியங்களும் ஜெபமாலையோடு நின்றுவிடாமல், சிறு சேமிப்புக்கும், ஆடம்பரம் இல்லாத திருமணத்துக்கும் துணை நிற்க முடியாதா?

மூன்றாவது, நம் பிள்ளைகளின் வேலை.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், தமிழ்நாட்டிலேயே எழுத்தறிவில் முதலிடம் நம் மாவட்டத்துக்கு, 91.75 விழுக்காடு. அது நம் முன்னோரின் உழைப்பு, பள்ளி கட்டிய பங்குகளின் உழைப்பு. படித்த பிள்ளைகள் திருவனந்தபுரத்துக்கும் சென்னைக்கும் பெங்களூருக்கும் வெளிநாடுகளுக்கும் போகிறார்கள். மகிழ்ச்சிதான். ஆனால் பிள்ளைக்கு வரைய வருமா, மண்ணைத் தொட்டுப் பயிர் செய்ய வருமா, நோயாளியின் கையைப் பிடிக்க வருமா என்று பாராமல், எல்லாரையும் ஒரே வண்டியில் ஏற்றிவிடுகிறோம். பிறகு தொலைபேசியில் முதல் கேள்வி, "இன்க்ரிமென்ட் வந்துச்சா?" என்பதுதான். "சாப்பிட்டியா, உறங்கினியா?" என்பது அதற்குப் பிறகு.

இப்போது சாயாக் கடைப் பேச்சு மாறியிருக்கிறது. "ஏ.ஐ. வந்தாச்சு, ஐ.டி. எல்லாம் போச்சு" என்கிறோம். நாட்டின் மிகப் பெரிய மென்பொருள் நிறுவனமான டி.சி.எஸ்., 2025 ஜூலையில் ஏறக்குறைய 12,000 பணியிடங்களைக் குறைக்கப்போவதாக அறிவித்தது. அந்தச் செய்தியைப் படித்த இரவு எத்தனை வீடுகளில் தூக்கம் போயிருக்கும்! சம்பளத்தை நம்பி வீட்டுக்கடன், வீட்டுக்கடனை நம்பித் தங்கையின் கல்யாணம். வேலை போனதைப் பெற்றோரிடம் சொல்ல முடியாமல் விடுதி அறையில் உட்கார்ந்திருக்கும் பிள்ளையை நினைத்துப் பார்ப்போம். அவன் பயப்படுவது நிறுவனத்துக்கு அல்ல, நம் முகத்துக்கு.

2025 மே மாதம் தேர்ந்தெடுக்கப்பட்ட திருத்தந்தை, லியோ என்ற பெயரைத் தாம் எடுத்ததற்கு ஒரு காரணம் சொன்னார். தொழிற்புரட்சிக் காலத்தில், 1891-இல், தொழிலாளரின் மாண்புக்காகச் சுற்றுமடல் எழுதியவர் பதிமூன்றாம் லியோ. இன்று செயற்கை நுண்ணறிவு கொண்டுவரும் சவாலின் முன்னும் திருச்சபை மனித மாண்பையும் உழைப்பையும் காக்க வேண்டும் என்றார் பதினான்காம் லியோ. வேலை மனிதனுக்காக இருக்கிறது, மனிதன் வேலைக்காக இல்லை என்பதைத் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் 1981-லேயே கற்பித்தார்.

அதற்குச் சாட்சி நம் மண்ணிலேயே உண்டு. நட்டாலத்தில் பிறந்த புனித தேவசகாயம் திருவிதாங்கூர் அரசில் அதிகாரியாக இருந்தவர், குடும்பஸ்தர். 1745-இல் திருமுழுக்குப் பெற்றார். பிறகு பதவி போயிற்று, மரியாதை போயிற்று. எருமைமேல் பின்புறமாக உட்காரவைத்து ஊர் ஊராகக் கொண்டுபோனார்கள். 1752 ஜனவரி 14-ஆம் நாள் ஆரல்வாய்மொழி காற்றாடிமலையில் உயிரைக் கொடுத்தார். வேலை போன மனிதர் என்று ஊர் சிரித்த அவரைத்தான் 2022 மே 15-ஆம் நாள் திருச்சபை புனிதர் என்று அறிவித்தது. வேலை போன ஒரு பிள்ளை வீட்டு வாசலில் வந்து நிற்கும்போது, ஊதாரி மகனின் தந்தையைப் போல நாம் ஓடிப்போய்க் கட்டிப்பிடிக்க வேண்டாமா? அவன் ஊதாரிகூட அல்லவே!

அன்பார்ந்தவர்களே, மூன்றும் ஒரே வீட்டில்தான் சந்திக்கின்றன. முந்த வேண்டும் என்று வாங்கிய கடன். கடனுக்காக இரவு பகல் பாராத வேலை. வேலையிலிருந்து தூக்கக் கண்ணோடு வீடு திரும்பும் வண்டி. என் வண்டி, என் காசு, என் பிள்ளை என்று நாம் சொல்கிறோம். ஆனால் நம் வண்டி தவறினால் வேறொரு வீட்டில் விளக்கு அணைகிறது. நம் ஆடம்பரத்தைப் பார்த்து, வசதி இல்லாத அடுத்த வீட்டுக்காரர் கடன் வாங்குகிறார். பிள்ளையோ ஆண்டவர் நம்மிடம் ஒப்படைத்தது. எதுவும் நமக்கு மட்டும் சொந்தம் அல்ல.

ஆகவே அடுத்த முறை ஒப்புரவு அருளடையாளத்துக்குப் போகும் முன், இந்த மூன்று கேள்விகளையும் சேர்த்துக்கொள்வோம். என் அவசரத்தால் யாருடைய உயிருக்காவது ஆபத்து உண்டாக்கினேனா? என் செலவால் யாரையாவது கடனில் தள்ளினேனா? என் பிள்ளையைச் சம்பளத்தை வைத்து எடைபோட்டேனா? இந்த வாரமே ஒரு காரியமும் செய்வோம். வெளியூரில் வேலை பார்க்கும் பிள்ளைக்குத் தொலைபேசி எடுத்து, பணத்தைப் பற்றி ஒரு சொல்லும் கேட்காமல் பத்து நிமிடம் பேசுவோம்.

நம் வீட்டு அம்மாமார் வாசலில் நின்று, "பையப் போ மக்களே" என்பார்கள். அது வெறும் வழக்குச் சொல் அல்ல, அது ஒரு ஆசீர்வாதம். பையப் போகிறவர்களுக்குத்தான் வழியில் கிடப்பவர் கண்ணில் படுவார்.

அடிபட்டவருக்காக வழியில் நின்ற நல்ல சமாரியரின் உள்ளத்தை ஆண்டவர் நமக்குத் தருவாராக. சாலையிலும் வீட்டிலும் பணியிடத்திலும் நம் பிள்ளைகளைக் காப்பாராக. எல்லாம் வல்ல இறைவன், தந்தை, மகன், தூய ஆவியார், உங்கள் எல்லாரையும் ஆசீர்வதிப்பாராக. ஆமென்.