நமக்கான மாத்திரை எது?

(எட்டயபுரத்தில் ஆசிரியர்களிடையே மருத்துவர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சர்க்கரை, இரத்த அழுத்தம், தைராய்டு, மூட்டுவலி என்று ஏதாவது ஒன்றுக்குத் தினமும் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் இந்த அறையில் பலர் இருப்பீர்கள். கையைத் தூக்கச் சொல்லப் போவதில்லை. அவர்களில் சிலருக்கு உடம்போடு சேர்ந்து மனமும் சோர்ந்திருக்கும். காலையில் பள்ளிக்குக் கிளம்பவே பிடிக்காது. பிள்ளைகள் சின்னச் சத்தம் போட்டாலும் எரிச்சல் வரும். இரவு மூன்று மணிக்கு விழித்தால் அப்புறம் தூக்கம் கிடையாது. காரணமே இல்லாமல் நெஞ்சு படபடக்கும். இதற்கு மாத்திரை உண்டு என்பது எல்லோருக்கும் தெரியும். நமக்கு எது பொருந்தும் என்பதில்தான் சிக்கல். இன்று அதைப் பற்றி மட்டும் பேசுகிறேன்.

நம் பக்கத்தில் இவை எல்லாவற்றுக்கும் ஒரே பெயர், 'நரம்பு மாத்திரை'. அந்தப் பெயருக்குள் முற்றிலும் வேறான இரண்டு வகை மருந்துகள் ஒளிந்திருக்கின்றன. அல்பிரசோலம், குளோனசெபாம் போன்றவை ஒரு வகை. சாப்பிட்ட கொஞ்ச நேரத்திலேயே படபடப்பு அடங்கும், தூக்கம் வரும். நாள்கணக்கில் தொடர்ந்தால் பழக்கமாகிவிடும். மனச்சோர்வு நீக்கும் மருந்துகள் இன்னொரு வகை. இவை பழக்கமாகாது, ஆனால் வேலை செய்ய இரண்டு முதல் நான்கு வாரம் ஆகும். மக்கள் செய்வது நேர் எதிராக இருக்கிறது. முதல் வகையைப் பழைய சீட்டைக் காட்டி மருந்துக்கடையில் வாங்கி வருடக்கணக்கில் சாப்பிடுகிறார்கள். இரண்டாவதை, 'ஒன்றும் தெரியவில்லை' என்று பத்தாம் நாளே நிறுத்திவிடுகிறார்கள். புழுதியில் விதைத்துவிட்டு மழைக்குக் காத்திருந்து பழகிய கரிசல்காட்டுக்காரர்கள், மாத்திரை விஷயத்தில் மட்டும் பொறுமை இழக்கிறோம்.

மனச்சோர்வுக்கான மருந்தே நாள்பட்ட நோயாளிகளிடம்தான் முதலில் அகப்பட்டது. 1952இல் நியூயார்க் நகரின் சீ வியூ காசநோய் மருத்துவமனையில் ஐப்ரோனியாசிட் என்ற மருந்தைக் கொடுத்துப் பார்த்தார்கள். காசநோய்க்காகக் கொடுத்த மருந்து. படுத்துக் கிடந்தவர்கள் எழுந்து நடமாடினார்கள், பசித்துச் சாப்பிட்டார்கள், சிரித்துப் பேசினார்கள். சில ஆண்டுகளில் அதையே மனச்சோர்வுக்குக் கொடுக்கத் தொடங்கினார்கள். பிறகு கல்லீரலைக் கெடுக்கிறது என்று கைவிட்டார்கள். மனத்துக்கு நல்லது செய்த மருந்தை உடம்பு ஏற்கவில்லை. இன்றும் மருந்தைத் தேர்வு செய்யும்போது நாங்கள் முதலில் கவனிப்பது அதைத்தான்.

உங்களுக்கு வேறு என்ன நோய், வேறு என்ன மாத்திரை என்பதை வைத்தே தேர்வு தொடங்குகிறது. மாரடைப்பு வந்தவர் என்றால் செர்ட்ராலின் நினைவுக்கு வரும். இதய நோயாளிகளிடம் அதைச் சோதித்து, பாதுகாப்பானது என்று 2002இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. அதே ஆளுக்கு அமிட்ரிப்டிலின் போன்ற பழைய மருந்துகளைக் கொடுக்கத் தயங்குவோம். கண் அழுத்த நோயும், சிறுநீர் அடைப்பும் உள்ளவர்களுக்கும் அது ஆகாது. சர்க்கரையால் பாதம் எரிந்து மதமதப்பாக இருப்பவருக்கு டுலாக்சடின் கொடுத்தால் எரிச்சலும் குறையலாம், மனமும் தேறலாம். ஆனால் சிறுநீரகம் மிகவும் பழுதாகியிருந்தால் அதைக் கொடுக்கக் கூடாது. மிர்டாசபின் பசியைத் தூண்டி எடையைக் கூட்டும். நோயால் மெலிந்து தூக்கமில்லாமல் தவிப்பவருக்கு அது வரம். ஏற்கெனவே எடையோடு போராடும் சர்க்கரை நோயாளிக்கு உபத்திரவம்.

மாத்திரைகள் ஒன்றோடு ஒன்று மோதுவதும் உண்டு. இன்சுலின் போடுகிறவருக்கு ஃபுளூவாக்சடின் கொடுத்தால் சர்க்கரை எதிர்பாராமல் இறங்கலாம். மார்பகப் புற்றுநோய்க்குத் தமாக்சிஃபென் சாப்பிடுகிறவர்களுக்கு ஃபுளூவாக்சடினும் பராக்சடினும் அந்த மருந்தின் பலனையே குறைத்துவிடும். மூட்டுவலிக்கு டைக்ளோஃபெனாக் போன்ற வலி மாத்திரையைத் தினம் போட்டுக்கொண்டு இந்த வகை மருந்தையும் சாப்பிட்டால் இரைப்பையில் இரத்தக் கசிவுக்கு வாய்ப்பு கூடும். இரத்த அழுத்தத்துக்கு நீர் பிரியும் மாத்திரை சாப்பிடும் முதியவர்களுக்கு உடம்பில் சோடியம் குறைந்து தடுமாற்றம் வரலாம். அதனால்தான் சொல்கிறேன், மருத்துவரிடம் போகும்போது நாட்டு மருந்து உட்பட வீட்டில் உள்ள எல்லா மருந்தையும் ஒரு பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள். பக்கத்துப் பள்ளி ஆசிரியைக்குப் பிரமாதமாகக் கேட்ட மாத்திரை உங்களுக்கும் கேட்கும் என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை.

சில சமயம் மாத்திரையே தேவைப்படாது. தைராய்டு குறைந்தாலும், இரத்தசோகை இருந்தாலும் மனச்சோர்வு போலவே தெரியும். முதலில் அந்தப் பரிசோதனைகள். லேசான சோர்வுக்கு ஆலோசனையும் தினசரி நடையுமே போதும்.

சென்னையில் நடந்த கியூர்ஸ் ஆய்வு 2009இல் வெளியிட்ட கணக்குப்படி, 25 ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களைக் கேட்டதில் சுமார் 15 சதவீதம் பேருக்கு மனச்சோர்வு இருந்தது; சர்க்கரை உள்ளவர்களிடம் அதைவிட அதிகம். சோர்ந்தவர் நடக்கப் போகமாட்டார், மாத்திரையை மறப்பார். சர்க்கரை ஏறும். அதைப் பார்த்து இன்னும் சோர்வார். இந்தச் சுழலை அறுக்க முடியுமா என்று சென்னை உள்ளிட்ட நான்கு நகரங்களின் சர்க்கரை நோய் மருத்துவமனைகளில் 404 பேரிடம் பார்த்தார்கள். முடிவு 2020இல் வந்தது. அவர்கள் புது மருந்து எதையும் கண்டுபிடிக்கவில்லை. பாதிப்பேருக்குப் பயிற்சி பெற்ற ஓர் உதவியாளரை அமர்த்தினார்கள். அவர் மருத்துவர் அல்ல. நோயாளியோடு தொடர்ந்து பேசி, மனநிலையையும் சர்க்கரை அளவையும் குறித்து வைப்பார். முன்னேற்றம் இல்லையென்றால் மனநல மருத்துவரும் சர்க்கரை மருத்துவரும் அந்தக் குறிப்பைப் பார்த்து மருந்தைக் கூட்டவோ மாற்றவோ சொல்வார்கள். இரண்டு ஆண்டு முடிவில், மனச்சோர்வு பாதியாகக் குறைந்து, கூடவே சர்க்கரை, இரத்த அழுத்தம், கொழுப்பு இவற்றில் ஒன்றாவது சீரானவர்கள் அந்தக் குழுவில் 71.6 சதவீதம். வழக்கமான சிகிச்சை பெற்றவர்களில் 57.4 சதவீதம். மாத்திரை கடையில் கிடைப்பதுதான். விடாமல் கவனித்ததுதான் வித்தியாசம்.

இதற்கு அளவுகோலாகப் பரவலாகப் பயன்படுவது பி.எச்.க்யூ-9 என்ற ஒன்பது கேள்வித்தாள். தமிழிலும் இருக்கிறது. கடந்த இரண்டு வாரத்தை நினைத்து ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண், மொத்தம் 27. இங்கே மதிப்பெண் குறைந்தால்தான் தேர்ச்சி. 10 அல்லது அதற்கு மேல் வந்தால் மருத்துவரைப் பார்க்க வேண்டும். மருந்து தொடங்கி ஆறு, எட்டு வாரத்தில் அது பாதியாக இறங்கவில்லையென்றால், அளவைக் கூட்டுவதா, மருந்தை மாற்றுவதா என்று யோசிப்போம். முதல் மருந்திலேயே முழுமையாகத் தேறுகிறவர்கள் ஏறக்குறைய மூன்றில் ஒருவர்தான். ஆகவே இரண்டாவது மருந்துக்குப் போவது தோல்வி அல்ல, வழக்கமான நடைமுறை.

முதல் இரண்டு வாரம் குமட்டல், தலைவலி, படபடப்பு கூடுவது எல்லாம் வரலாம். பெரும்பாலும் தானே அடங்கும். உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் தோன்றினால் மட்டும் ஒரு நாள்கூடத் தள்ளிப்போடாமல் சொல்ல வேண்டும். தாம்பத்திய நாட்டம் குறைவதை யாரும் வாய் திறந்து சொல்வதில்லை, பேசாமல் மாத்திரையை நிறுத்திவிடுகிறார்கள். சொன்னால் மாற்றித் தருவோம். முன்பு எப்போதாவது தூக்கமே தேவைப்படாமல் அளவு மீறிய உற்சாகத்தில் நாள்கணக்கில் இருந்ததுண்டா என்பதையும் மறைக்காதீர்கள். அப்படி இருந்தவர்களுக்குச் சிகிச்சையே வேறு.

'வெளியே தெரிந்தால்?' என்ற பயம் எனக்குப் புரிகிறது. தெரிந்தவர் கண்ணில் படக்கூடாது என்று கோவில்பட்டியை விட்டு மதுரைக்குப் பஸ் ஏறுகிறவர்கள் உண்டு. 2017ஆம் ஆண்டு மனநலச் சட்டப்படி உங்கள் நோய் விவரம் இரகசியம். உடல் நோய்க்கு உள்ளது போலவே மன நோய்க்கும் காப்பீடு தர வேண்டும் என்றும் அந்தச் சட்டம் சொல்கிறது. மாவட்ட மனநலத் திட்டத்தின் மருத்துவர் என்றைக்கு எந்த அரசு மருத்துவமனைக்கு வருகிறார் என்று விசாரித்து வைத்துக்கொள்ளுங்கள். எந்த நேரமும் பேச 14416 என்ற இலவச எண் இருக்கிறது, தமிழிலேயே பேசலாம்.

கடைசியாக, நிறுத்துவது பற்றி. தேறிய பிறகும் ஆறு முதல் ஒன்பது மாதமாவது மருந்தைத் தொடர வேண்டும். சர்க்கரை மாத்திரையை ஆயுசுக்கும் சாப்பிட ஒத்துக்கொள்கிற நாம், இதற்கு முகம் சுளிக்கிறோம். சட்டென நிறுத்தினால் தலைசுற்றும், எரிச்சல் வரும், 'மாத்திரைக்கு அடிமையாகிவிட்டேன்' என்று பயப்படுவீர்கள். மருத்துவர் சொல்படி சில வாரங்களில் படிப்படியாகக் குறைக்க வேண்டும். அப்படிக் குறைக்கும் காலத்தைப் பொதுத்தேர்வுப் பணியோ தேர்தல் பணியோ இருக்கும் மாதத்தில் வைத்துக்கொள்ளாதீர்கள். மருத்துவரிடம் பேசி, மே விடுமுறையில் தொடங்குங்கள்.