ஆர்க்கிட் பூக்கலையா? முதல்ல தண்ணியைப் பாருங்க

"ஆர்க்கிட் வாங்கினேன், இருந்த பூ உதிர்ந்துச்சு, அதுக்கப்புறம் வெறும் இலைதான்." கோயம்புத்தூர்ல செடி வளர்க்கிறவங்க கிட்ட அடிக்கடி கேட்கிற புலம்பல் இது.

எந்த ஆர்க்கிட்னு கேட்டா, பெரும்பாலும் ஃபலனாப்சிஸ். பட்டாம்பூச்சி மாதிரி பூக்குமே, அதேதான். அது பூங்காம்பு விட, பகல் வெப்பமே 26 டிகிரிக்கு மேல போகாத சில வாரங்கள் வேணும். நமக்கு மார்கழியில ராத்திரிதான் குளிருது. பகல்ல 30 கிட்ட வந்துடுது. உரம் போட்டுச் சமாதானப்படுத்த முடியாதுங்க. முதல் செடியா சூடு தாங்குற டென்ட்ரோபியம் வாங்குங்க.

இந்தச் செடிகள் காட்டுல மரக்கிளையில ஒட்டி வாழுது. மரத்தோட சாறைக் குடிக்காது. புல்லுருவி வேற, இது வேற. வேரைச் சுத்தி வெலாமென்னு பஞ்சு மாதிரி ஒரு வெள்ளை உறை இருக்கும். ஈரம் பட்டதும் உறிஞ்சிக்கும், வேர் பச்சையா தெரியும். அப்புறம் அது காத்துல காயணும். மண்ணுல புதைச்சா காயாது, அழுகிடும். அதனால தொட்டியில கரித்துண்டும் தேங்காய் உரிமட்டைத் துண்டும் போதும். பொள்ளாச்சி பக்கத்துல இருக்கிறப்ப மட்டைக்கா பஞ்சம்? ஆனா மட்டையில உப்பு இருக்கும். சில நாள் ஊறவெச்சு, தண்ணியை மாத்தி மாத்திக் கொட்டிட்டுப் போடுங்க.

உப்புன்னதும் நம்ம ஊர் விஷயம் வருது. போர் தண்ணியை ஊத்தி ஊத்தி, உப்பு படிஞ்சு வேர் நுனி கருகும். மழைத்தண்ணி, இல்லைன்னா சிறுவாணித் தண்ணி கொடுங்க. குடிக்கிற தண்ணியைச் செடிக்கான்னு வீட்டுல சண்டை வரலாம். ஒரு செடிக்கு ஒரு சொம்புதாங்க. வேர் மறுபடி வெள்ளையானா ஊத்துங்க. ஆனி, ஆடியில பாலக்காட்டுக் கணவாய்க் காத்து சீக்கிரமே காயவெச்சிடும், அப்போ அடிக்கடி பாக்கணும்.

தண்ணி சரியாயும் பூக்கலைன்னா வெளிச்சம் பத்தலை. இலை கரும்பச்சையா இருந்தா இன்னும் வெளிச்சம் கேட்குது, இளம்பச்சைதான் சரி. கிழக்குப் பார்த்த பால்கனியில காலை வெயில் படட்டும், உச்சி வெயில் வேண்டாம்.

வால்பாறை போறப்ப மரத்துல பார்த்ததைப் பிய்ச்சுட்டு வராதீங்க. காட்டு ஆர்க்கிட் பார்க்கணும்னா ஏற்காட்டுல இந்தியத் தாவரவியல் ஆய்வகத்தோட ஆர்க்கிட் தோட்டம் இருக்கு.

கடைசியா ஒண்ணு. டென்ட்ரோபியத்துல இலை உதிர்ந்த பழைய தண்டை காஞ்சதுன்னு வெட்டாதீங்க. புதுத் தண்டுக்கான சாப்பாடு அதுலதான் இருக்கு. சில நேரம் அந்த மொட்டைத் தண்டே மறுபடி பூக்கும்.