மண்ணைப் படிக்கக் கற்போம்

(ஆம்பூரில் தோல் தொழிலாளர், விவசாயத் தொழிலாளர் வீட்டு மாணவரிடையே ஆற்றிய சொற்பொழிவு)



தொல்பொருள் ஆராய்ச்சி என்றதும், அது பெரிய படிப்பாளிகள் விவகாரம், நமக்கெதற்கு என்று ஒதுங்கிவிடுகிறோம். ஆராய்ச்சிக் குழியில் இறங்கி மண்வெட்டி பிடிப்பது யார்? கூடை சுமப்பது யார்? 2015-இல் கீழடியில் அகழத் தொடங்கியபோதும் சுற்றுவட்டாரக் கிராமத்து ஆண்களும் பெண்களுமே குழியில் இறங்கினார்கள். மண் மாறுவதை முதலில் உணர்வது அவர்கள் கை. அந்தக் கை கண்டதை நோட்டில் எழுதும் வித்தை நம் பிள்ளைகளுக்கும் வரவேண்டும்.

இதற்குத் தூரம் போக வேண்டாம். திருப்பத்தூர்ப் பக்கம் பையம்பள்ளி இருக்கிறது. 1964-65-லும் 1967-68-லும் மத்தியத் தொல்பொருள் இலாகாவினர் எஸ்.ஆர். ராவ் தலைமையில் அங்கே அகழ்ந்தார்கள். அடியில் கிடைத்தது, இரும்பை அறியாத மக்களின் குடியிருப்பு. தரையில் குழி தோண்டி, சுற்றிலும் கம்பு நட்டு, கூரை போட்டு வாழ்ந்தார்கள். கொள்ளும் பச்சைப் பயறும் அவர்கள் ஆகாரம். கரியைச் சோதித்ததில் காலம் கி.மு. 1390-ஐ ஒட்டி வந்தது. அதற்கு மேலடுக்கில் இரும்பு உருக்கிய அடையாளம்!

கம்பு என்றோ மக்கிப் போயிற்று. பின் எப்படித் தெரிந்தது? கம்பு நின்ற துளையில் வேறு மண் நிரம்பி, வேறு நிறத்தில் வட்டமாக நிற்கும். கிணறு வெட்டிய தோழர்களுக்கு இது புதிதல்ல. ஆகவே மாணவர்களுக்கு முதல் பாடம் இதுதான்: வெட்டிய கால்வாய்க் கரை ஒன்றின் முன் நில்லுங்கள். நூல் கட்டி அளந்து, மண்ணின் நிறம் மாறும் இடமெல்லாம் கோடு போட்டுப் படம் வரையுங்கள். கீழே இருப்பது முந்தியது, மேலே இருப்பது பிந்தியது. எலி வளை மட்டும் இந்தக் கணக்கைக் குழப்பிவிடும், அதையும் கண்டுபிடியுங்கள்.

அடுத்தது கல். பையம்பள்ளியில் வழவழப்பான கற்கோடரிகள் கிடைத்தன. ஒரு கருங்கல் துண்டை ஈர மணல் போட்டுப் பாறையில் தேய்த்துப் பாருங்கள். கூர் வர எத்தனை மணி நேரமாகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். அந்தக் காலத்து மனிதனின் உழைப்பு அப்போது புரியும்; புத்தகத்தில் அது புரியாது.

உழுத வயலில் பானை ஓடுகள் கிடக்கும். உள்ளே கறுப்பு, வெளியே சிவப்பாக இருந்தால் விசேஷமாகக் கவனியுங்கள். பானையைக் கவிழ்த்துச் சுட்டதால் காற்றுப் படாத உட்புறம் கறுத்தது என்பார்கள். குயவர் வீட்டுச் சூளையில் கேட்டுப் பாருங்கள், நம்மைவிட நன்றாகச் சொல்வார்கள். ஓட்டை எடுத்துப் பையில் போட்டுக்கொள்ளாதீர்கள். எந்த வயல், எந்த மூலை என்று எழுதி, அங்கேயே விடுங்கள். இடம் தெரியாத ஓடு வெறும் ஓடுதான்.

நம் ஆம்பூரிலேயே 9-ஆம் நூற்றாண்டில், பல்லவன் நிருபதுங்கன் காலத்தில் நட்ட நடுகற்கள் இரண்டு கிடைத்தன. மாடு கவர வந்தவர்களை எதிர்த்து மாண்ட வீரருக்கு நட்டவை. மாட்டுத் தோலில் பிழைக்கும் ஊரில் மாட்டுக்காகச் செத்தவனின் கல்! அப்படி ஒரு கல்லைக் கண்டால் எண்ணெய் பூசாதீர்கள், ஆணியால் கீறாதீர்கள். தண்ணீர் விட்டுக் கழுவி, உலர்ந்ததும் மெல்லிய காகிதத்தை மேலே விரித்துக் கரியால் தேயுங்கள். எழுத்து தானாக எழும்பும்.

ஒரு சங்கடமும் உண்டு. மேட்டை வெட்டிச் சமன் செய்வதும், ஜல்லிக்குக் கல் உடைப்பதும் நம்மவர்களே. அன்றாடக் கூலியை விட்டுவிடு என்று சொல்ல எனக்கு மனம் வராது. எழுத்துள்ள கல்லோ முதுமக்கள் தாழியோ தட்டுப்பட்டால், அந்த இடத்தை மட்டும் நிறுத்திவிட்டுத் தாசில்தாருக்குத் தகவல் கொடுங்கள். புதையலாக ஏதும் கிடைத்தால் கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 1878-ஆம் வருஷச் சட்டமே சொல்கிறது. அனுமதி இல்லாமல் நாமாகத் தோண்டவும் கூடாது.

பையம்பள்ளிக்குப் புறப்படுவோர் கட்டுச்சோறு, நோட்டு, பென்சில், அளவுக் கயிறு எடுத்துக்கொள்ளுங்கள். கடப்பாரை வேண்டாம்.