நொச்சி நிற்கும் வளவு



பூ உதிரும் ஓசையைக் காதால் கேட்க முடியுமா? முடியும் என்கிறாள் குறுந்தொகைத் தோழி. கொல்லன் அழிசி பாடிய 138ஆம் பாட்டு அது. ஊரெல்லாம் உறங்கிய பின்னும் நாங்கள் உறங்கவில்லை, வீட்டருகே நின்ற நொச்சியின் பூக்கள் விழும் ஓசையைக் கேட்டுக்கொண்டே கிடந்தோம் என்று அவள் தலைவனுக்குச் சொல்கிறாள்.

பள்ளிக்கூடத்தில் இப்பாட்டைப் படித்த காலத்தில் நொச்சி எனக்கு வெறும் சொல்லாகத்தான் இருந்தது. கொலன்னாவையில் எங்கள் சிறு வளவில் அதை நட்டு வளர்த்த பின்னரே பாட்டு விளங்கியது. நொச்சிப்பூ ஒரு சென்ரிமீற்றர் நீளங்கூட இராது. அத்துணை சிறிய பூ விழுவது காதில் படவேண்டுமானால் ஊர் எவ்வளவு அடங்கியிருக்க வேண்டும், மனம் எவ்வளவு விழித்திருக்க வேண்டும்! காத்திருப்பின் கடுமையை அந்தப் பூவின் சிறுமையைக் கொண்டே புலவர் அளந்து காட்டியிருக்கிறார்.

நொச்சி ஆளுயரத்துக்கு மேல், பத்துப் பதினைந்து அடி வரை வளரக்கூடிய செடி. ஒரு காம்பில் மூன்று அல்லது ஐந்து சிற்றிலைகள் விரிந்திருக்கும். மயிலின் காலடியை அதற்கு உவமை சொன்னது எத்துணை பொருத்தம் என்பது இலையைக் கையில் எடுத்தவர்களுக்குத் தெரியும். இலையின் அடிப்புறம் சாம்பல் பூத்தாற்போல் வெளுத்திருக்கும். கொப்பு நுனிகளில் ஊதாப் பூக்கள் கொத்துக் கொத்தாக நீண்டு நிற்கும். வவுனியாவில் நொச்சிமோட்டை, மட்டக்களப்பில் நொச்சிமுனை என்று நம் ஊர்ப்பெயர்களிலும் இது வேரூன்றியிருக்கிறது.

இதனை வளர்ப்பது கடினமன்று. யாழ்ப்பாணத்து வேலிக்குப் பூவரசும் கிளுவையும் கதியால் நடுவதுபோல, முற்றிய நொச்சித் தடியொன்றை முக்கால் முழத்துக்கு வெட்டி நட்டால் போதும். வெயில் மட்டும் நன்றாக வேண்டும். எங்கள் பகுதியிலோ பல காணிகள் சதுப்பு நிலத்தை மண் போட்டு நிரவி எடுத்தவை. மழைக்காலத்தில் நிலத்தில் தண்ணீர் தங்கும். தடி வேர்பிடிக்குமுன் அழுகிவிடும். ஆகவே ஓரடி உயரத்துக்கு மண்மேடு கட்டி அதில் நடுவதே நல்லது. வேர்பிடித்துவிட்டால் பின் கவலையில்லை. ஆற்றங்கரைகளில் தானாக வளரும் இனமல்லவா? 2016ஆம் ஆண்டு மே மாதம் களனி கங்கை பெருகி வெல்லம்பிட்டி, கொலன்னாவைப் பகுதிகளை வெள்ளம் மூடியபோது எங்கள் வளவிலும் நாட்கணக்கில் தண்ணீர் நின்றது. ரோசாவும் செவ்வந்தியும் போயின. நொச்சி இலையுதிர்த்து நின்று, பின்னர் அடிக்கட்டையிலிருந்தே துளிர்த்தது. ஆண்டுக்கொரு முறை கொப்புகளை வெட்டிவிட வேண்டும். புதுத்தளிரின் நுனியில்தான் பூ வரும்.

காய்ச்சல், தடிமன் என்றால் நொச்சி இலையை அவித்து ஆவி பிடிப்பதும், காய்ந்த இலையைப் புகைத்து நுளம்பு விரட்டுவதும் நம் வீடுகளின் பழைய வழக்கம். 2017ஆம் ஆண்டில் இலங்கையில் 1 இலட்சத்து 86 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் டெங்குக் காய்ச்சலுக்கு உள்ளாயினர். கொழும்பு மாவட்டமே அதிகம் பாதிக்கப்பட்டது. நொச்சியை நட்டால் நுளம்பு ஓடிவிடும் என்று நான் சொல்லமாட்டேன். சிரட்டையிலும் பூச்சாடியிலும் பீலியிலும் தேங்கும் நீரை ஊற்றிக் கவிழ்ப்பதே முதல் காவல். நொச்சிப் புகை அதற்குத் துணை மட்டுமே. எங்கள் அயல் வீட்டுச் சிங்கள அம்மா, "நிக்க கொள" கொஞ்சம் தாருங்கள் என்று மதிலுக்கு மேலால் கை நீட்டுவார். நாம் நொச்சி என்பதை அவர்கள் நிக்க என்கிறார்கள். கைமருந்தென்னவோ இரு வீட்டுக்கும் ஒன்றேதான்.

இனி இலக்கியத்தின் மறுபக்கத்தைப் பாருங்கள். மதிலைக் காத்து நிற்கும் வீரர் சூடுவது நொச்சிப் பூ. அத்திணைக்கே நொச்சி என்றுதான் பெயர். ஆயினும் புறநானூற்றின் 271ஆம் பாட்டைப் படித்தவர்கள் அதை வெறும் வீரப்பாட்டாகக் கொள்ளமாட்டார்கள். வெறிபாடிய காமக்கண்ணியார் சொல்கிறார்: பெண்களின் இடையில் தழையுடையாக முன்பு கண்ட அதே நொச்சி, பின்பு வீரனின் மாலையாகிக் குருதியில் தோய்ந்து கிடக்கிறது. அதை ஊன் துண்டமென்று எண்ணிப் பருந்து தூக்கிச் செல்கிறது. வீட்டருகே வளர்ந்த செடிக்கு நேர்ந்த கதி இது. வீட்டில் வளர்ந்த பிள்ளைக்கு நேர்ந்ததும் அதுவே. பருந்தைச் சொல்லிவிட்டுப் புலவர் நிறுத்திக்கொண்டார். மற்றதை நம்மிடம் விட்டார். வேலியும் வளவும் விட்டு ஓடியவர்கள், போனவர் திரும்பாத வீடுகளில் இருப்பவர்கள், இப்பாட்டுக்கு உரை தேடிப் போகவேண்டியதில்லை.

காவலின் பூ என்று நம் முன்னோர் நொச்சிக்குப் பெயர் கொடுத்தார்கள். எதைக் காக்க? கோட்டை மதிலையா, அதன் உள்ளே உறங்கும் வீட்டையா? நான் இரண்டாவதையே சொல்வேன். நொச்சி போர்க்களத்துக்குப் போகாமல், கொப்பிலேயே பூத்துக் கொப்பிலிருந்தே உதிரும் காலம்தான் நல்ல காலம்.

கார்த்திகை மழைக்கு முன்னர் ஒரு கதியால் தேடி நட்டு வையுங்கள். இடமில்லாதவர்கள் பெரியதொரு சாடியில் வைக்கலாம். பூக்கும் காலத்தில் ஓரிரவு வானொலியையும் நிறுத்திவிட்டுச் செவிகொடுத்துப் பாருங்கள்.