சிறைக்கூலியிலிருந்து ஒரு நன்கொடை

அவையில் இருக்கும் தோழர்களுக்கும், மாணவத் தம்பி தங்கைகளுக்கும், பயராபீஸ் வேலையை முடித்துவிட்டுக் கையில் மருந்து வாசம் போகாமல் நேராக இங்கே வந்திருக்கும் அக்காமார்களுக்கும் ஜெய்பீம்.

யாருடைய நினைவாகக் கூடியிருக்கிறோமோ அந்த அண்ணன் பெயர் அழைப்பிதழில் இருக்கிறது. மேடையில் பெயரைச் சொன்னாலே தலையைக் குனிந்துகொள்கிற மனிதர் என்பதால் இங்கே புகழுரை வேண்டாம் என்று முடிவு செய்தோம். அவருடைய ஒரு பழக்கத்தை மட்டும் சொல்கிறோம். முன்பின் தெரியாத கைதிகளுக்கு அவர் கடிதம் எழுதுவார். பதில் வந்தால் எங்களிடம் காட்டுவார். வராவிட்டால் அடுத்த மாதமும் எழுதுவார். அதனால்தான் இந்த ஆண்டுப் பேச்சுக்குச் சிறையை எடுத்துக்கொண்டோம்.

சாத்தூரில் பஸ் ஏறினால் ஒரு மணி நேரத்துக்குள் அருப்புக்கோட்டை. அந்த ஊர்க்காரர் ரவிச்சந்திரன். ராஜீவ் காந்தி கொலை வழக்கில் 1998 ஜனவரி 28 அன்று பூந்தமல்லி தடா நீதிமன்றம் 26 பேருக்கும் ஒரே மூச்சில் தூக்கு விதித்தது. அந்த 26 பேரில் அவரும் ஒருவர். 1999 மே 11 அன்று உச்ச நீதிமன்றம் தடாக் குற்றச்சாட்டு இந்த வழக்குக்குப் பொருந்தாது என்றது. 19 பேரை விடுவித்தது. நால்வருக்குத் தூக்கை உறுதிசெய்தது. ரவிச்சந்திரன், ராபர்ட் பயஸ், ஜெயக்குமார் மூவருக்கும் தண்டனையை ஆயுளாகக் குறைத்தது. இரண்டு தீர்ப்புகளுக்கும் இடையே 468 நாட்கள். அத்தனை நாளும் அவர் தூக்குக் கைதி. அந்த 19 பேரும் அப்படித்தான் கிடந்தார்கள் என்பதை நாம் மறந்தேபோனோம். கீழ் நீதிமன்றம் கயிற்றைக் காட்டியவர்களில் நான்கில் மூன்று பங்குக்கு நெருக்கமானவர்கள் மேல் நீதிமன்றத்தில் வீட்டுக்குப் போனார்கள். தூக்கை ஆதரிக்கிற நண்பர்கள் இந்தக் கணக்கை ஒருமுறை போட்டுப் பார்க்கட்டும்.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறோம். 1991 மே 21 அன்று ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் மட்டும் சாகவில்லை. பந்தோபஸ்துக்கு நின்ற காவலர்கள் செத்தார்கள், கூட்டம் பார்க்க வந்தவர்கள் செத்தார்கள். அந்த வீடுகளின் துக்கத்தைத் தாண்டிக் குதித்துவிட்டு இந்தப் பேச்சைப் பேச நமக்கு உரிமையில்லை. உச்ச நீதிமன்றம் ரவிச்சந்திரனைக் குற்றமற்றவர் என்று சொல்லவில்லை. சதியில் பங்கு உண்டு என்றுதான் சொன்னது. நாம் பேச வந்தது அதற்குப் பிறகான வருடங்களைப் பற்றி.

2018-ல் ஒரு சின்னச் செய்தி வந்தது. ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் தமிழ் இருக்கை அமைக்க உலகமெங்கும் பணம் திரட்டிக்கொண்டிருந்த நேரம் அது. தேவை 60 லட்சம் டாலர். தமிழக அரசு மட்டும் 10 கோடி ரூபாய் கொடுத்தது. மதுரை மத்திய சிறையிலிருந்து ரவிச்சந்திரன் தன் கூலியில் சேர்த்த 20,000 ரூபாயைக் கொடுத்தார். 2021-ல் கொரோனா இரண்டாம் அலை வந்தபோது முதலமைச்சர் நிவாரண நிதிக்கு 5,000 ரூபாய் அனுப்பினார்.

இருபதாயிரம் என்ன பெரிய காசா என்று கேட்பவர்களுக்குச் சிறைக்கூலி என்றால் என்னவென்று தெரியாது. தினக்கூலி நூறுகளில்கூட எட்டாத காலமும் இருந்தது. அதிலும் சாப்பாட்டுக்கென்று ஒரு பங்கும், பாதிக்கப்பட்டோர் நிதிக்கென்று ஒரு பங்கும் பிடித்துக்கொண்டு மீதிதான் கைதியின் கணக்குக்கு வரும். கடுங்காவல் கைதிக்கும் நியாயமான கூலி வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது 1998 செப்டம்பரில், குஜராத் வழக்கில். அந்த அமர்வுக்குத் தலைமை தாங்கிய நீதிபதி கே.டி.தாமஸ்தான் எட்டு மாதம் கழித்து ராஜீவ் வழக்கு அமர்வுக்கும் தலைமை தாங்கினார். ஒரு தீர்ப்பு ரவிச்சந்திரனுக்கு உயிரைக் கொடுத்தது. இன்னொன்று அந்த உயிர் செய்யும் வேலைக்கு ஒரு விலை வேண்டும் என்றது. அந்த விலையிலிருந்துதான் நன்கொடை போயிருக்கிறது.

தோழர்களே, கொடுப்பவன் மேலே, வாங்குபவன் கீழே என்பது இந்த நாட்டின் பழைய ஏற்பாடு. சேரியும் சிறையும் வாங்குகிற பக்கத்தில்தான் எப்போதும் நிறுத்தப்பட்டிருக்கின்றன. பொங்கலுக்கு வேட்டி சேலை, வெடிவிபத்துக்கு நிவாரணம். 2021 பிப்ரவரியில் இதோ பக்கத்தில் அச்சங்குளத்தில் 20-க்கும் மேற்பட்டோர் வெந்து செத்தபோதும் நம் கைக்கு முதலில் வந்தது காசோலைதான். நீதி கேட்டவர்களை, இன்னும் என்னதான் வேண்டும் என்பதுபோலப் பார்த்தார்கள். அப்படி வாங்குகிற வரிசையில் நிற்க வைக்கப்பட்ட ஒருவன் கையை நீட்டிக் கொடுக்கும்போது, நானும் உங்கள் கணக்கில் இருக்கிறேன் என்று சொல்கிறான். தூக்குத் தண்டனை ஒரு மனிதனின் கணக்கை முடித்துவைக்கிறது. அந்த நன்கொடை அதைத் திறந்து காட்டுகிறது.

ஆனால் இங்கே எங்களுக்குள்ளேயே ஒரு சண்டை நடந்தது. மன்றத்தின் இளைய தோழர் ஒருத்தி கேட்டாள்: “தர்மம் பண்ணின கைதியைத்தான் வெளியே விடணுமா அண்ணே? பண்ணாதவன் தூக்குல தொங்கலாமா?” நாங்கள் வாயடைத்துப்போனோம். விடுதலை கேட்டு நாம் எழுதிய துண்டறிக்கைகளை எடுத்துப் பார்த்தோம். எல்லாவற்றிலும் நன்னடத்தைப் பட்டியல்தான். பேரறிவாளன் சிறையில் படித்த பட்டங்கள், வாங்கிய மதிப்பெண்கள். அவருக்கு எதிரான முக்கியச் சான்று இரண்டு பேட்டரி. எதற்கென்று தெரியாமல் வாங்கிக் கொடுத்தேன் என்று அவர் சொன்ன வரியை வாக்குமூலத்தில் சேர்க்கவில்லை என்று, அதைப் பதிவுசெய்த சிபிஐ அதிகாரி தியாகராஜனே 2013-ல் ஒப்புக்கொண்டார். அதைவிடப் பட்டங்களைத்தான் நாம் பெரிய எழுத்தில் போட்டிருக்கிறோம். தங்கச்சி கேட்டது சரி. நல்ல கைதி, கெட்ட கைதி என்று நாமே தரம் பிரித்தால் படிக்காதவனும் கொடுக்க வக்கில்லாதவனும் எங்கே போவான்?

அப்படிப்பட்ட இரண்டு பேரைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஆந்திராவில் சிலக்கலூரிப்பேட்டை அருகே 1993 மார்ச்சில் ஓடும் பஸ்ஸில் கொள்ளையடிக்க முயன்று பெட்ரோலை ஊற்றியதில் 23 பயணிகள் இறந்தார்கள். சலபதி ராவ், விஜயவர்தன ராவ் என்ற இரண்டு ஏழை தலித் இளைஞர்களுக்குத் தூக்கு. கொடுமையான குற்றம்தான். அவர்களைப் பற்றிச் சொல்லப் பட்டமும் இல்லை, நன்கொடையும் இல்லை. குடியரசுத் தலைவர் மனுவை நிராகரித்தார். 1997 மார்ச் 29 என்று நாளும் குறித்தாயிற்று. கடைசி நேரத்தில் உச்ச நீதிமன்றம் தடை கொடுத்தது. ஆந்திரத்து மனித உரிமைத் தோழர்கள் ஓடினார்கள், மஹாஸ்வேதா தேவி போன்ற எழுத்தாளர்கள் குரல் கொடுத்தார்கள். 1998-ல் கே.ஆர்.நாராயணன் தண்டனையை ஆயுளாகக் குறைத்தார். ராஷ்டிரபதி பவனில் அப்போது முதன்முறையாக ஒரு தலித் உட்கார்ந்திருந்தார் என்பதும் இந்தக் கதையில் சேர்த்தி.

2016-ல் டெல்லி தேசியச் சட்டப் பல்கலைக்கழகம் நாட்டின் தூக்குக் கைதிகளைச் சந்தித்து அறிக்கை வெளியிட்டது. நான்கில் மூன்று பேர் பொருளாதாரத்தில் நலிந்தவர்கள். ஏறக்குறைய நான்கில் ஒருவர் பட்டியல் சாதியினர் அல்லது பழங்குடியினர். நமக்கு இது புதுச்செய்தி இல்லை. வெண்மணியில் 44 பேரை எரித்த வழக்கில் மிராசுதாரர்கள் உயர் நீதிமன்றத்தில் விடுதலையாகிப் போனதைப் பார்த்தவர்கள் நாம். அண்ணல் அம்பேத்கர் 1949 ஜூனில் அரசியல் நிர்ணய சபையிலேயே மரண தண்டனையை அடியோடு ஒழிப்பதுதான் முறை என்றார். அண்ணலின் சிலைக்கு மாலை போடுகிற எத்தனை கட்சிகள் அந்தப் பேச்சைப் படித்திருக்கின்றன என்று தெரியவில்லை.

சிறைக்குள்ளும் சாதி உண்டு. பாளையங்கோட்டைச் சிறையில் சாதிவாரியாகப் பிரித்து அடைத்து வைத்ததை உயர் நீதிமன்றமே ஒருகாலத்தில் ஏற்றுக்கொண்டது, மோதல் வரக்கூடாது என்ற காரணத்தால். 2024 அக்டோபர் 3 அன்று சுகன்யா சாந்தா வழக்கில்தான் உச்ச நீதிமன்றம் சிறைகளில் சாதி பார்த்து அடைப்பதும் வேலை பிரிப்பதும் செல்லாது என்றது. கக்கூஸ் கழுவும் வேலை யாருக்கு என்று சிறைக் கையேடே எழுதிவைத்திருந்த மாநிலங்கள் உண்டு. அந்த வழக்குக்கு ஆதாரமாக நின்றது ஒரு பத்திரிகையாளர் அலைந்து எழுதிய கட்டுரை. மாணவர்கள் இதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

ரவிச்சந்திரன் கதைக்குத் திரும்புகிறோம். எழுவரையும் விடுவிக்கத் தமிழக அமைச்சரவை 2018 செப்டம்பரில் பரிந்துரைத்தது. ஆளுநர் மாளிகையில் அது வருடக்கணக்கில் கிடந்தது. 2022 மே 18 அன்று பேரறிவாளன் விடுதலையானார். அடுத்த மாதமே நளினி, ரவிச்சந்திரன் மனுக்களை உயர் நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. நவம்பர் 11 அன்று உச்ச நீதிமன்றம் மிச்சமிருந்த ஆறு பேரையும் விடுவித்தது. இளைஞனாகப் போனவர் நடுவயது தாண்டி அருப்புக்கோட்டைக்கு வந்தார். சாந்தனுக்கு அதுவும் வாய்க்கவில்லை. திருச்சி சிறப்பு முகாமுக்கு மாற்றப்பட்டு, தாயைப் பார்க்க இலங்கைக்குப் போகும் முன்பே 2024 பிப்ரவரி 28 அன்று சென்னை மருத்துவமனையில் இறந்துபோனார்.

2011 ஆகஸ்டில் மூவர் தூக்கை நிறுத்தக் காஞ்சிபுரத்தில் தீக்குளித்த செங்கொடியை நினைக்காமல் இருக்க முடியவில்லை. ஆனாலும் தீயில் தினமும் சாகிற ஊரிலிருந்து சொல்கிறோம், இன்னொரு பிள்ளை அப்படிப் போக வேண்டாம். வக்கீல் பிடிக்கலாம், தீர்ப்பைப் படிக்கலாம், கடிதம் எழுதலாம்.

வாசலில் உண்டியல் வைத்திருக்கிறோம். அதில் விழுவது, மதுரைச் சிறைக்கு மனுப் பார்க்கப் போகும் தாய்மார்களின் பஸ் செலவுக்கும் ஏழைக் கைதிகளின் வழக்கு நகல் எடுக்கும் செலவுக்கும். துட்டு இல்லாதவர்கள் கூச்சப்பட வேண்டாம். பக்கத்து மேஜையில் அண்ணன் வாங்கி வைத்துவிட்டுப் போன அஞ்சலட்டைகள் மிச்சம் இருக்கின்றன. அவர் நோட்டில் இருந்த கைதி எண்களின் பட்டியலும் அங்கேயே இருக்கிறது. ஆளுக்கு ஒன்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போங்கள், நாளைக் காலை முதல் தபாலில் சேர்த்துவிடுகிறோம்.