இருபது ரூபாய் நோட்டில் இருந்த கடல்

(கூட்டமைப்பின் மாதக் கூட்டத்தில் நமது கள ஒருங்கிணைப்பாளர் பேசியது)



உங்க பணப்பெட்டியில பழைய, சிவப்பான 20 ரூபாய் நோட்டு ஒண்ணு இருந்தா எடுத்துப் பின்பக்கம் பாருங்க. 2019-க்குப் பிறகு வந்த நோட்டில் எல்லோரா குகை இருக்கும், அது வேண்டாம். பழைய நோட்டில் தென்னை மரங்கள், கடல், தூரத்தில் ஒரு கலங்கரை விளக்கம் தெரியும். எத்தனை வருஷமா இந்த நோட்டை எண்ணி எண்ணி ரப்பர் பேண்டு போட்டிருக்கோம்! அந்தக் கடல் அந்தமானில் இருக்கிறது. நார்த் பே என்று பெயர். 2025 பிப்ரவரியில் நாங்களும் எங்கள் கல்லூரித் தோழியும் அங்கே போய், அந்தக் கடலுக்குள் முகத்தை வைத்துப் பார்த்துவிட்டு வந்தோம்.

இதைச் சொன்னதும் ஒரு குழுவில் கேட்டாங்க: "வேண்டுதலா?" இல்லை. "சொந்தக்காரங்க கல்யாணமா?" இல்லை. "ஆபீஸ் வேலையா?" அதுவும் இல்லை. "சும்மாவா? வீட்டுக்காரர் இல்லாமலா?" ஆமாம், சும்மாதான். மாதம் 500 ரூபாய் வீதம் 40 மாதம் தனியாகச் சேர்த்த பணம். வீட்டில் சம்மதம் வாங்கியது அதைவிடப் பெரிய கதை, அதை இன்னொரு நாள் பேசலாம்.

தோழி நாகப்பட்டினம் பக்கம் கடலோர ஊர்க்காரர். 2004 டிசம்பர் 26 அன்று அவருக்கு 14 வயது. தம்பியை அன்றைக்குப் பறிகொடுத்தவர். அதற்குப் பிறகு கடலில் கால் நனைக்கவே இல்லை. படிக்கும்போது நாங்கள் கடற்கரைக்குப் போனால் அவர் ரோட்டு ஓரமாகவே உட்கார்ந்திருப்பார். அவர்தான் ஒரு நாள் போன் பண்ணி, "இன்னொரு தடவை கடலைப் பக்கத்துல பார்க்கணும்டி, ஆனா நம்ம ஊர்ல முடியாது" என்றார். அந்தமானிலும் அதே சுனாமிதான் அடித்தது. அது தெரிந்தேதான் போனோம்.

சென்னையிலிருந்து கப்பலில் போனால் மூன்று நாள். விமானத்தில் இரண்டு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேலே. போர்ட் பிளேர் என்று படித்த ஊருக்கு 2024-ல் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றிவிட்டார்கள். கடைத்தெருவில் தமிழ் சர்வ சாதாரணமாகக் கேட்கிறது. இறங்கிய அன்றே இட்லி கிடைத்தது, அது ஒரு நிம்மதி.

அடுத்த நாள் படகில் நார்த் பே. எங்களைக் கடலில் இறக்கிய தம்பியும் தமிழ்தான். அவருடைய தாத்தா அங்கே பிழைக்கப் போனவராம். அவர் கொடுத்தது மூன்றே சாமான். மிதக்கும் சட்டை, முகத்தில் மாட்டும் கண்ணாடி, வாயில் கடித்துக்கொள்ளும் ஒரு குழாய். குழாயின் மறுமுனை தண்ணீருக்கு மேலே நிற்கும். இதற்கு ஸ்நார்கெலிங் என்று பெயர். மூக்கு கண்ணாடிக்குள் அடைபட்டுவிடும், வாயாலதான் மூச்சு. நீச்சல் தெரியாதவர்களையும் இப்படிக் கூட்டிப்போகிறார்கள். சுடிதாரோட இறங்கலாமா என்று கேட்டோம். "இறங்கலாம்க்கா, துப்பட்டாவை மட்டும் வச்சிட்டு வாங்க, காலைச் சுத்திக்கும்" என்றார்.

ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு படுத்தோம். ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. குழாயில் தண்ணீர் ஏறி உப்பு தொண்டைக்குப் போனது. அவ்வளவுதான், இருவரும் பதறி, கீழே கிடைத்ததில் காலை ஊன்றி எழுந்து நின்றுவிட்டோம். காலுக்கு அடியில் 'சடக்' என்று ஏதோ முறிந்தது. "நிக்காதீங்க! அது கல்லு இல்லை, உயிரு!" என்று அந்தத் தம்பி கத்தினார்.

பவளப்பாறை என்று சொல்கிறோமே, அது பாறையே இல்லையாம். கடுகு, மிளகு அளவுக்குச் சின்னச் சின்ன உயிர்கள் கூட்டமாக ஒட்டி வாழ்ந்து, சுண்ணாம்பு விட்டு விட்டுக் கட்டிய வீடு. அவற்றின் உடம்புக்குள்ளேயே கண்ணுக்குத் தெரியாத பாசி குடியிருந்து, வெயிலில் சாப்பாடு தயாரித்துக் கொடுக்கிறது. நிறமும் பெரும்பாலும் அந்தப் பாசியால்தான். கடல் சூடு கொஞ்சம் கூடி, வாரக்கணக்கில் நீடித்தால் பாசி வெளியேறிவிடும். பவளம் வெளுத்துவிடும், சூடு தணியாவிட்டால் செத்துவிடும். அந்தமானில் 2010-ல் அப்படி நிறைய வெளுத்துப் போனது, 2016-லும் வெளுத்தது. உருண்டையாக வளரும் சில வகை வருஷத்துக்கு ஒரு சென்டிமீட்டர்கூட வளராது. கிளை விடும் வகை வேகமாக வளரும். நாங்கள் முறித்தது கிளை வகை. முறிந்த துண்டை நினைவுக்கு எடுத்து வரவும் முடியாது. 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் பவளத்துக்குப் புலிக்குச் சமமான பாதுகாப்பு.

தோழி படகைப் பிடித்துக்கொண்டு அழுதார். "நம்ம பயத்துக்கு அதை மிதிச்சிட்டோம்" என்றார். நாங்கள் திரும்பிவிடலாம் என்றுதான் நினைத்தோம். அவர்தான் மறுபடியும் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். இந்தத் தடவை கையை விட்டுவிட்டார். அவர் மிதந்தார், பின்னாலேயே நாங்களும்.

என்ன பார்த்தோம் என்று கேட்பீர்கள். முதலில் சத்தம். தண்ணீருக்குள் முறுக்கு கடிக்கிற மாதிரி 'கரக் கரக்'. கிளிமூக்கு போல வாய் உள்ள பச்சை மீன் ஒன்று பவளத்தைக் கொறித்துக்கொண்டிருந்தது. மேலே உள்ள பாசியைத் தின்று, சுண்ணாம்பைப் பின்னால் மணலாக விட்டுவிடுகிறது. பவளத் தீவுகளின் வெள்ளை மணலில் கணிசமான பங்கு இதன் கழிவுதானாம்! அதிலேதான் எல்லோரும் படுத்துப் படம் எடுக்கிறார்கள்.

அப்புறம் ஆரஞ்சு நிறத்தில் வெள்ளைப் பட்டை போட்ட கோமாளி மீன். பூ மாதிரி விரிந்த கடல் சாமந்திக்குள் குடும்பமாக இருக்கும். அந்தக் குடும்பத்தில் பெரியது, தலைமை, எல்லாமே பெண்தான். அது செத்துப்போனால் அதனுடைய ஆண் துணை பெண்ணாக மாறித் தலைமை ஏற்கும். (சிரிக்காதீங்க, நிஜம்தான்.)

இன்னொன்றும் சொல்லணும். நாங்கள் காசு கொடுத்து, குழாய் வைத்துக்கொண்டு பார்த்ததை, நம்ம ராமநாதபுரம் கரையில் பெண்கள் வயிற்றுப்பாட்டுக்காகச் செய்கிறார்கள். பாம்பன் பக்கம் கடல்பாசி எடுப்பவர்கள் விரலில் துணி சுற்றி, கண்ணாடி மாட்டி, குழாய் இல்லாமல் மூச்சை அடக்கி மூழ்குகிறார்கள். சின்னப்பாலத்தைச் சேர்ந்த லட்சுமி மூர்த்திக்கு 2015-ல் அமெரிக்காவின் சீகாலஜி விருது கிடைத்தது. அவங்களைப் பற்றித் தெரிந்தவர்கள் எத்தனை பேர், கை தூக்குங்க? சரி, நாங்களும் போய்ட்டு வந்த பிறகுதான் தேடிப் படித்தோம்.

கரைக்கு வந்ததும் தோழி ரொம்ப நேரம் பேசவில்லை. அலை வந்து போகிற இடத்தில் உட்கார்ந்து, காலை நீட்டிக்கொண்டார். பிறகு, "அவன் போன இடம் இவ்வளவு அழகா இருக்கும்னு நினைக்கலைடி" என்றார். அதற்கு என்ன பதில் சொல்வது? டீ வாங்கிக்கொண்டு வந்து கொடுத்தோம்.

அந்தக் கண்ணாடியும் குழாயும் வாங்கிக்கொண்டு வந்திருக்கிறோம். வெளியே வேப்பமரத்தடியில் அண்டாவில் தண்ணீர் ஊற்றி வைக்கச் சொல்லியிருக்கிறோம். சாப்பாட்டுக்கு முன்னால் வரிசையாக வாங்க, ஆளுக்கு ஒரு நிமிஷம் முகத்தை வைத்து மூச்சு விட்டுப் பாருங்க. குழாயின் வாய்ப்பக்கத்தைக் கழுவிவிட்டு அடுத்தவருக்குக் கொடுங்க. மீன் எதுவும் இருக்காது.