கைப்பேசியும் நம் பிள்ளைகளும்
(பள்ளிப் பரிசளிப்பு விழாவில் ஆற்றிய உரை)

 

பரிசு பெறும் பிள்ளைகளுக்கு முதலில் என் பாராட்டுகள். இந்த நல்ல நாளில் பெற்றோர்களாகிய உங்களிடம் ஒரு விஷயத்தை மனம் விட்டுப் பேச ஆசைப்படுகிறேன்.

ஒரு காலத்தில் தோட்டத் திடலில் வெள்ளைத் திரை கட்டிப் படம் காட்டினார்கள். குடும்பத்தோடு பாய் விரித்து உட்கார்ந்து பார்த்தார்கள். பிறகு தொலைக்காட்சி வந்தது; அது நடுக்கூடத்தில் இருந்தது. பிள்ளை என்ன பார்க்கிறது என்று பெரியவர்களுக்குத் தெரிந்தது. இன்றோ திரை உள்ளங்கை அளவுக்குச் சுருங்கிவிட்டது. போர்வைக்குள் போனை வைத்துக்கொண்டிருக்கும் பிள்ளை எதைப் பார்க்கிறது, யாரோடு பேசுகிறது என்பது பக்கத்தில் படுத்திருக்கும் தாய்க்கே தெரிவதில்லை.

இதற்குப் பெற்றோரை மட்டும் குறை சொல்வது நியாயமாகாது. 2020 மார்ச் 18இல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தது. பள்ளிகள் மூடின, பாடம் வாட்ஸ்அப்பில் வந்தது. கடன் வாங்கியாவது பிள்ளைக்குப் போன் வாங்கிக் கொடுத்தவர்கள் உண்டு. பள்ளி திறந்த பிறகும் அந்தப் போன் பிள்ளை கையிலேயே தங்கிவிட்டது. நம் ஜொகூரின் நிலைமையும் அப்படி. விடியுமுன்னே பெரட்டுக்குப் போகும் தாய். நாலு மணிக்கே மோட்டார் சைக்கிளில் சிங்கப்பூர்ப் பாலத்துக்குக் கிளம்பும் தகப்பன். வீட்டில் பிள்ளைக்குத் துணை அந்தப் போன்தான்.

ஆனால் ஒன்றை எண்ணிப் பாருங்கள். பேஸ்புக், இன்ஸ்டகிராம், டிக்டாக் ஆகிய நிறுவனங்கள் தாங்களே வைத்திருக்கும் வயது வரம்பு 13. நம் பள்ளியில் ஆறாம் ஆண்டுப் பிள்ளைக்கே 12 வயதுதான். அப்படியானால் கணக்கு எப்படித் திறக்கிறது? பிறந்த வருஷத்தை மாற்றிப் போட்டுத்தான்! பல வீடுகளில் அப்படிப் போட்டுக் கொடுப்பதே பெரியவர்கள். டிக்டாக்கில் 16 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களுக்குத் தனிச் செய்தி அனுப்பும் வசதி கிடையாது. வயதைக் கூட்டிப் போட்டால் அந்தக் காவலும் போய்விடுகிறது.

அரசாங்கங்கள் விழித்துக்கொண்டுவிட்டன. 16 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்கள் சமூக ஊடகக் கணக்கு வைத்திருப்பதை ஆஸ்திரேலியா 2025 டிசம்பர் 10 முதல் தடுத்தது. இங்கேயும் அப்படித் தடுக்கப்போவதாக 2025 நவம்பரில் அறிவிப்பு வந்தது. 2026 ஜனவரி 1 முதல் இணையப் பாதுகாப்புச் சட்டம் நடப்புக்கு வந்தது. நல்ல காரியம்தான். ஆனால் அப்பாவின் பெயரில் கணக்கைத் திறந்து மகன் கையில் கொடுத்தால் சட்டம் என்ன செய்யும்?

ஆபத்து எப்படி வருகிறது என்பதையும் சொல்ல வேண்டும். விளையாட்டில் ஒருவன் நண்பனாக வருவான். "ஃபிரீ ஃபயர்ல வைரம் வாங்கித் தரேன்" என்பான். பிறகு, "அம்மாகிட்ட சொல்லாதே" என்பான். அதன்பின் ஒரு படம் கேட்பான். படம் போனதும் மிரட்டல் தொடங்கும். 2017ஆம் ஆண்டின் சிறார் பாலியல் குற்றச் சட்டத்தின்படி, பிள்ளையிடம் போனில் ஆபாசமாகப் பேசுவதே குற்றம். ஆனால் பிள்ளை வாய் திறந்தால்தானே போலீசுக்குப் போக முடியும்?

முகம் தெரியாதவன் மட்டுமல்ல, ஏச்சுப் பேச்சும் ஆபத்துதான். 2024 ஜூலையில், டிக்டாக்கில் கடும் பகடிவதைக்கு ஆளான நம் இனத்துப் பெண் ஈஷா உயிரிழந்ததை நாம் மறந்திருக்க மாட்டோம். அதன் பிறகே குற்றவியல் சட்டம் திருத்தப்பட்டு, பகடிவதைக்கு எதிரான புதிய பிரிவுகள் 2025 ஜூலையில் நடப்புக்கு வந்தன. வளர்ந்தவர்களுக்கே இந்த நிலை என்றால், பத்து வயதுப் பிள்ளை எப்படித் தாங்கும்?

பிள்ளை ஏன் சொல்வதில்லை? சொன்னால் அடி விழும், போனையும் பிடுங்கிக்கொள்வார்கள் என்ற பயம். மிரட்டுகிறவனுக்கு அந்தப் பயம்தான் ஆயுதம். 'அடியாத மாடு படியாது' என்பார்கள். மாட்டுக்கு அது சரியோ என்னவோ, இந்த விஷயத்தில் பிள்ளைக்குச் சரிப்படாது. அடிக்குப் பயந்த பிள்ளை அடுத்த முறை இன்னும் ஆழமாக மறைக்கும்.

ஆகவே பெற்றோர்களே, நான் கேட்பது நான்குதான். முதலாவது, வயதை மாற்றிக் கணக்குத் திறந்து கொடுக்காதீர்கள். இரண்டாவது, இரவில் எல்லாப் போனும், உங்களுடையதும் சேர்த்து, கூடத்தில் இருக்கட்டும். மூன்றாவது, பள்ளிச் சின்னம் தெரியும்படி பிள்ளையின் படத்தை ஊருக்கெல்லாம் காட்டாதீர்கள். நான்காவதுதான் முக்கியம். இன்று ராத்திரி சாப்பிடும்போது பிள்ளையிடம் இப்படிச் சொல்லுங்கள்: "போன்ல எது நடந்தாலும் எங்ககிட்ட வந்து சொல்லு. தப்பு உன் மேலே இருந்தாலும் அடிக்க மாட்டோம்." சொன்னபடி நடந்துகொள்ளுங்கள். எழுதப் படிக்கத் தெரியாத தாயும் இதைச் செய்யலாம். போனைப் பற்றி ஒன்றும் தெரியாவிட்டாலும் பரவாயில்லை. பிள்ளை பேசும்போது காது கொடுத்தால் போதும்.

மாணவச் செல்வங்களே! "யாரிடமும் சொல்லாதே" என்று ஒருவர் சொன்னால், அதை உடனே அம்மாவிடமோ அப்பாவிடமோ ஆசிரியரிடமோ சொல்லுங்கள். வீட்டில் சொல்ல முடியாவிட்டால் 15999 என்ற தாலியான் காசே எண்ணுக்கு எந்த நேரமும் அழைக்கலாம்.

இன்று மேடையேறிப் பரிசு வாங்கும்போது உங்கள் கண்கள் கூட்டத்தில் அம்மா அப்பாவைத்தான் தேடும். மனம் கலங்கும் நாளிலும் அவர்களையே தேடி ஓடுங்கள்.